பிக்கப் வண்டியின் பின்பக்கப் பட்டையில் இரண்டு விதச் சத்தம்: எதையும் மாற்றுவதற்கு முன் எங்கே பார்ப்பது?

முதுநகர் மீன்வண்டி:

வணக்கம். கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பண்ருட்டி, விழுப்புரம் சந்தைகளுக்கு விடியற்காலையில் மீன் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். 2017 மாடல், பின்னால் இரு பக்கமும் பட்டை ஸ்பிரிங் (எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது). சில மாதங்களாக வண்டியின் பின்பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது. கவனித்துப் பார்த்ததில் அது ஒரே சத்தம் அல்ல, இரண்டு என்று தெரிகிறது. வண்டி காலியாக இருக்கும்போது வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் 'கிறீச்' என்று நீளமாக இழுக்கும் சத்தம் ஒன்று. ஐஸ் பெட்டிகளுடன் பாரம் இருக்கும்போது முதல் கியரில் கிளட்ச்சை விட்டவுடன் 'டொக்' என்று ஒரே ஓர் அடி. பிறகு பிரேக் பிடிக்கும்போது அதேபோல இன்னோர் அடி. இந்த இரண்டாவது சத்தம் கால் பாதத்தில் உணரும் அளவுக்கு இருக்கிறது.

வண்டிக்கு நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை கரைபுரண்டபோது, பின் ஆக்ஸிலின் ஹவுசிங் (பற்சக்கரங்கள் இருக்கும் உறை) மூழ்கும் அளவுக்கு வண்டி தண்ணீரில் நின்றது. அடுத்த ஆண்டு, பாரம் ஏற்றினால் பின்பக்கம் மிகவும் அமுங்குகிறது என்பதால் ஒரு பட்டறையில் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகச் சேர்த்தோம். சத்தம் தொடங்கியதும் வேறொரு பட்டறையில் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். சத்தத்தில் மாற்றம் எதுவும் இல்லை. இப்போது பட்டை செட் முழுவதையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

வில்லியனூர் பட்டறை:

ஐயா, வழி உண்டு. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பின்பக்கச் சத்தம் என்றவுடன் ஷாக்கை மாற்றுவது பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது, ஏனென்றால் மேலும் கீழும் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் வேலை முடிந்துவிடும். ஆனால் ஷாக்கில் கோளாறு இருந்தால் சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதுதான் சத்தம் வரும். சமமான சாலையில் வண்டியைக் கிளப்பும்போது ஒன்று, நிறுத்தும்போது ஒன்று என்று வராது.

கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் பின் ஆக்ஸிலுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் கியரில் இழுக்கும்போது சக்கரம் சாலையைப் பின்னுக்குத் தள்ளுவதால் ஆக்ஸில் முன்னோக்கி வர முயல்கிறது. பிரேக் பிடித்தால் அதே ஆக்ஸில் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. இந்த இரண்டு விசைகளையும் சேசிஸுக்குக் கடத்துவது பட்டைதான். ஆகவே ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் இடையில் எங்காவது ஆட்டம் இருந்தால், அந்த இடம் கிளப்பும்போது ஒரு முனைக்கு நகர்ந்து ஒருமுறை இடிக்கும். பிரேக்கில் மறுமுனைக்கு வந்து மறுபடி இடிக்கும். நடுவில் ஓடும்போது அமைதியாக இருக்கும். நீங்கள் சொல்லும் 'டொக்' அப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட் தளர்ந்திருக்கலாம், பட்டை அடுக்கின் நடுவில் செருகிய சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம், முன் கண்ணிலுள்ள (பட்டை முனையின் வளையத்திலுள்ள) புஷ் தேய்ந்திருக்கலாம்.

இதே நேரத்தில் சத்தம் தரக்கூடிய இன்னும் இரண்டு இடங்களை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். ஒன்று, பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் (இழுவையைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டின்) கிராஸ், அதாவது மூட்டு. சமதளத்தில் நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இரு திசையிலும் திருப்புங்கள். கிராஸ் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமோ, ஓரங்களில் செம்பழுப்பான துருப் பொடியோ இருந்தால் அது போய்விட்டது என்று பொருள். ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்களுக்கு இடையிலுள்ள சிறிய இடைவெளியால் ஷாஃப்ட் ஓரளவு திரும்பத்தான் செய்யும்; அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலும், கிராஸ் சத்தம் காலி வண்டியிலும் கேட்கும், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கேட்கும். மற்றொன்று, பிரேக் டிரம்முக்குள் ஷூ தன் இடத்திலிருந்து நகர்வது. அது பிரேக்கில் மட்டும் வரும், கிளப்பும்போது வராது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பட்டையின் பக்கவாட்டையும் யு போல்ட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். மேல் பட்டையில் தொடங்கி எல்லாப் பட்டைகளின் விளிம்பையும் கடந்து, கீழே ஹவுசிங் இருக்கை (ஹவுசிங்கின் மேல் பட்டை உட்காரும் இடம்) வரைக்கும் அந்தக் கோடு வர வேண்டும். யு போல்ட் நட்டுக்கும் அடித்தட்டுக்கும் குறுக்கே இன்னொரு கோடு. பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு வழக்கம்போலப் பாரத்துடன் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு எந்த இடத்தில் உடைந்திருக்கிறதோ அந்த இடம்தான் நகர்கிறது. கூடவே, முன் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதியின்) மையத்திலிருந்து பின் ஹப்பின் மையம் வரை இடப்பக்கமும் வலப்பக்கமும் டேப்பால் அளந்து எழுதுங்கள். அளக்கும்போது ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் வைக்காமல் எந்தச் சோதனையும் வேண்டாம்.

பாகூர் காய்கறி:

அந்தக் 'கிறீச்' சத்தத்துக்கு எளிய வழி இருக்கிறது, அண்ணா. எங்கள் பகுதியில் பலரும் சர்வீஸுக்கு விடும்போது பட்டை முழுக்க வேஸ்ட் ஆயிலும் டீசலும் கலந்து ஸ்பிரே அடித்துவிடுகிறோம். அன்றைக்கே சத்தம் நின்றுவிடுகிறது, துருவும் பிடிப்பதில்லை. உங்கள் வண்டிக்கும் அது போதும் என்று தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற பணிமனைக்காரர்:

தம்பி பாகூர் சொல்வது பரவலான பழக்கம்தான். சத்தம் நிற்பதும் உண்மைதான். ஆனாலும் கடலோர வண்டிக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பட்டையின் கண்ணிலும் ஷாக்கிளிலும் (பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் தட்டு; ஷாக் அப்சார்பர் அல்ல) இருப்பவை பெரும்பாலும் ரப்பர் புஷ்கள். பெட்ரோலிய எண்ணெய் எதுவாக இருந்தாலும் இயற்கை ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். எண்ணெய் அடித்த பிறகு புஷ் வெளியே பிதுங்கி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படிப் பிதுங்கிய புஷ் சில காலத்தில் பிய்ந்துவிடும். பிறகு இரும்போடு இரும்பு இடிக்கும். முன்பு கிறீச் என்று வந்த சத்தம் அப்போது அடியாக மாறும். இரண்டாவது, எண்ணெய் பூசிய பட்டையில் மணலும் தூசியும் ஒட்டும். தேவனாம்பட்டினம் பக்கம் போய்வரும் வண்டியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். எண்ணெயும் மணலும் சேர்ந்து பட்டைக்கும் பட்டைக்கும் இடையில் அரம்போல வேலை செய்யும். மூன்றாவது, ஸ்பிரே அடிக்கும்போது பின் டிரம்முக்குள் எண்ணெய் போய் லைனிங் நனைந்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது. இது சத்தத்தைவிடப் பெரிய ஆபத்து.

பல பட்டைகள் அடுக்கிய ஸ்பிரிங்கில், பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உரசுவதும் அதன் வேலையில் ஒரு பகுதி. அந்த உராய்வு வண்டி துள்ளுவதை ஓரளவு அடக்குகிறது. முழுக்க எண்ணெயில் ஊறவைத்தால் அந்த அடக்கம் குறைந்து, ஷாக்குக்கு வேலை கூடுகிறது. உரசலே கூடாத இடம் பட்டையின் முனை. அங்கே பல வண்டிகளில் நைலான் அல்லது ரப்பர் தட்டு வைத்திருப்பார்கள். அது தேய்ந்தோ விழுந்தோ போனால் முனை மேல் பட்டையில் நேராக உரசிக் கத்தும். தட்டு கிடைத்தால் அதை மாற்றுவதுதான் சரியான தீர்வு. பட்டையைப் பிரித்து வேலை செய்யும் சமயத்தில் மட்டும், துருவை நீக்கிவிட்டு மெல்லியதாகக் கிராஃபைட் கிரீஸ் பூசலாம்.

முதுநகர் நண்பர் முதலில் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒரு பாட்டிலில் சோப்புக் கரைசல் எடுத்து, முன் கண் புஷ்ஷில் மட்டும் ஊற்றிவிட்டு வண்டியின் பின்பக்கத்தை இருவர் அமுக்கி அமுக்கி விடட்டும். சத்தம் நிற்கவில்லை என்றால் ஷாக்கிள் புஷ்ஷில் ஊற்றிப் பாருங்கள், பிறகு பட்டை முனைகளில். எந்த இடத்தில் ஊற்றியதும் சத்தம் சட்டென்று குறைகிறதோ அந்த இடம்தான். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஊற்றினால் எதுவும் தெரியாது. ஒவ்வோர் இடமாக, ஒவ்வொரு பக்கமாகச் செய்யுங்கள். சோப்புத் தண்ணீர் ரப்பரைக் கெடுக்காது, வேலை முடிந்ததும் கழுவிவிடலாம்.

பாகூர் காய்கறி:

டிரம்முக்குள் எண்ணெய் போவதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, ஐயா. என் வண்டியில் ஷாக்கிள் புஷ் நீங்கள் சொன்னபடியே பிதுங்கித்தான் நிற்கிறது. அதை மாற்றும்போது ரப்பருக்கு ஏற்ற கிரீஸ் எது?

ஓய்வுபெற்ற பணிமனைக்காரர்:

ரப்பர் புஷ்ஷுக்குச் சிலிக்கான் கிரீஸ். அதுவும் மாட்டும்போது கொஞ்சமாகப் போதும். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) வைத்த கன்மெட்டல் என்ற வெண்கல வகைப் புஷ்ஷாக இருந்தால் சாதாரண சேசிஸ் கிரீஸ் அடிக்கலாம். அங்கே ரப்பர் இல்லை. நிப்பிள் அடைத்திருந்தால் கிரீஸ் உள்ளே போகாமல் வெளியிலேயே வழியும். பின்னின் இரு ஓரத்திலும் பழைய கிரீஸ் பிதுங்கி வருவதைப் பார்த்த பிறகுதான் கிரீஸ் கன்னை எடுக்க வேண்டும்.

முதுநகர் மீன்வண்டி:

இருவர் சொன்னதையும் செய்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

கிராஸில் ஆட்டம் இல்லை. சோப்புத் தண்ணீர்ச் சோதனையில் வலப்பக்கம் எங்கே ஊற்றினாலும் மாற்றம் இல்லை. இடப்பக்கம் பின் ஷாக்கிளில் ஊற்றியவுடன் 'கிறீச்' நின்றது, காய்ந்ததும் திரும்பி வந்தது. ஏன் இடப்பக்கம் மட்டும் என்று மேலே அண்ணாந்து பார்த்தபோது காரணம் கண்ணில் பட்டது. லோடு பாடியின் தரையில் ஐஸ் தண்ணீர் வடிவதற்காகப் போட்ட ஓட்டை அந்த ஷாக்கிளுக்கு நேர் மேலே இருக்கிறது. பயணம் முழுவதும் மீன் வடிந்த உப்புத் தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஷாக்கிள் தட்டு ஏடு ஏடாக உரிகிறது; விரல் நகத்தால் சுரண்டினாலே துரு செதிலாக வருகிறது. வலப்பக்க ஷாக்கிளில் பழைய கறுப்புப் பெயிண்ட் இன்னும் இருக்கிறது.

பெயிண்ட் கோட்டைப் பொறுத்தவரை, வலப்பக்கக் கோடு அப்படியே இருக்கிறது. இடப்பக்கத்தில் பட்டைகளின் மேலுள்ள கோடு ஒன்றாக இருக்கிறது. ஆனால் கடைசிப் பட்டைக்கும் ஹவுசிங் இருக்கைக்கும் இடையில் கோடு உடைந்து, கீழ்ப்பாதி பின்னுக்குப் போயிருக்கிறது. யு போல்ட் நட்டு திரும்பவில்லை, அதன் கோடு நேராகவே உள்ளது. யு போல்ட் பட்டையை அணைக்கும் இடத்தைச் சுற்றிச் செந்தூள் படிந்திருக்கிறது. ஹப்பிலிருந்து ஹப் வரை அளந்ததில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 12 மி.மீ. அதிகம்.

வில்லியனூர் பட்டறை:

இவ்வளவு தெளிவான தகவல் வந்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. உங்கள் இடப்பக்க ஆக்ஸில் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. சென்டர் போல்ட் அறுந்திருக்கும், அல்லது அதன் தலை இருக்கைக் குழியிலிருந்து வெளியே வந்திருக்கும். வண்டியை இனிமேல் பாரத்துடன் ஓட்ட வேண்டாம். காலியாகவே மெதுவாகப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

இது எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்வது அவசியம், ஏனென்றால் பட்டை செட்டை மட்டும் மாற்றினால் இதே கோளாறு மறுபடி வரும். பட்டைகளையும் ஆக்ஸிலையும் இறுக்கமாக ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது யு போல்ட். சென்டர் போல்ட்டின் வேலை, பட்டைகளை அடுக்கில் வைத்திருப்பதும், தன் தலையை ஹவுசிங் இருக்கையிலுள்ள குழிக்குள் அமர்த்தி ஆக்ஸில் சரியான இடத்தில் உட்கார வழிகாட்டுவதும்தான். பிரேக்கின் விசையையும் இழுவையின் விசையையும் தாங்குவதற்காக அந்த மெல்லிய போல்ட்டைப் போடவில்லை. யு போல்ட்டின் இறுக்கம் குறைந்தால் அந்த விசை முழுவதும் சென்டர் போல்ட்டின் மேல் விழுகிறது. அது எத்தனை நாள் தாங்கும்?

யு போல்ட் ஏன் தளர்ந்தது? நட்டு திரும்பவில்லை என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கூடுதல் பட்டை சேர்த்தபோது அடுக்கின் கனம் கூடிவிட்டது, ஆனால் பழைய யு போல்ட்டையே மாட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று பாருங்கள். நட்டின் விளிம்போடு போல்ட் முடிந்துவிட்டால் நீளம் போதவில்லை. ஒருமுறை இறுக்கிய யு போல்ட் சற்று நீண்டிருக்கும், அதை மறுபடி இறுக்கினால் முதல் முறை கொடுத்த பிடிப்பு வராது. மேலும் புதிய பட்டையில் பெயிண்ட் இருக்கும். பழைய பட்டைகளுக்கு இடையில் துரு இருக்கும். வண்டி ஓட ஓட இந்தப் பெயிண்ட்டும் துருவும் நசுங்கி உதிர்ந்து, அடுக்கின் கனம் மயிரிழை அளவு குறைந்தாலும் பிடிப்பு போய்விடும். நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பாமலேயே போல்ட் தளர்வது இப்படித்தான். பட்டை வேலை செய்த வண்டியை 500 முதல் 1,000 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி கொண்டுவந்து இறுக்கச் சொல்வது இதற்காகவே. இதைச் சொல்லாமல் வண்டியை அனுப்புவது அரைகுறை வேலை.

பண்ருட்டி பலா:

கூடுதல் பட்டை சேர்ப்பதே தவறு என்கிறீர்களா? பலாப்பழமும் முந்திரி மூட்டையும் ஏற்றும் எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தவுடனேயே பட்டை ஏற்றாதவர்கள் குறைவு. பின்பக்கம் அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் (ஆக்ஸில் சேசிஸில் மோதாமலிருக்க வைத்த ரப்பர் தடுப்பில்) இடித்துக்கொண்டே போவதைவிட அது மேல் அல்லவா?

வில்லியனூர் பட்டறை:

தவறு என்று பொதுவாகச் சொல்ல மாட்டேன். பட்டை வளைவு இறங்கிப்போன பழைய வண்டியில் அதை ஈடுகட்டச் சேர்ப்பது நியாயமான வேலைதான். ஆனால் பட்டை ஏற்றியதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை கூடிவிடாது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எடைதான் எடை. பிரேக், டயர், ஹப் பேரிங், ஹவுசிங் எல்லாம் அந்தப் பழைய எடைக்காகவே செய்யப்பட்டவை.

பலரும் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பல பிக்கப் வண்டிகளில் சேசிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையில் ஒரு கம்பியோ சிறிய ஸ்பிரிங்கோ ஒரு வால்வில் போய்ச் சேரும். அது எல்எஸ்பிவி என்று சொல்லப்படும் வால்வு. பாரம் ஏறினால் சேசிஸ் இறங்குகிறது, அந்த அசைவை வைத்து வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுகிறது. காலியாக இருந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைக் குறைக்கிறது. பட்டை ஏற்றினால் பாரம் இருக்கும்போதும் சேசிஸ் உயரமாகவே நிற்கும். வண்டி காலியாக இருக்கிறது என்று எண்ணி வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு பாரத்துடன் முன் பிரேக் மட்டுமே உழைக்கும். ஆகவே பட்டை ஏற்றினால் அந்தக் கம்பியையும் கம்பெனி அளவுப்படி சரிசெய்தாக வேண்டும். உங்கள் பக்கத்து வண்டிகளில் பட்டை ஏற்றியபோது இதைச் செய்தார்களா என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

பண்ருட்டி பலா:

என் வண்டியில் அந்தக் கம்பியைக் கழற்றி மேலே கட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக்கே காட்டுகிறேன். அதிக பாரத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் பிரேக் விஷயம் இப்போதுதான் தெரிகிறது.

முதுநகர் மீன்வண்டி:

இடப்பக்கத்தைப் பிரித்தோம். பட்டறையில் அருகிலேயே நின்று பார்த்ததால் விவரமாக எழுதுகிறேன். யு போல்ட்டைக் கழற்றி ஆக்ஸிலைச் சற்று இறக்கியதும், சென்டர் போல்ட்டின் தலை தனியாக இருக்கைக் குழிக்குள்ளேயே கிடந்தது. அறுந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்துத் துருப்பிடித்திருந்தது, மீதிப் பகுதி மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. முதலில் விரிசலாகத் தொடங்கி நாளடைவில் வளர்ந்து, கடைசியில் மீதியும் அறுந்திருக்கிறது என்று மெக்கானிக் விளக்கினார். குழியின் பின்விளிம்பு சிறிதளவு தேய்ந்து நீள்வட்டமாக மாறியிருக்கிறது. யு போல்ட்டில் நட்டுக்கு வெளியே ஒரு மரைகூட இல்லை. பட்டைகளுக்கு இடையில் துரு தடித்து, இரண்டாம் பட்டையும் மூன்றாம் பட்டையும் முனையில் பிரிந்து நிற்கின்றன. இரண்டாம் பட்டையின் மேற்பரப்பில் சிறு சிறு குழிகள் இருக்கின்றன. ஒரு ரீபவுண்ட் கிளிப் இல்லவே இல்லை.

இரண்டு கேள்விகள். குழி விழுந்த பட்டையைத் தேய்த்துப் பயன்படுத்தலாமா? நீள்வட்டமான குழியை வெல்டிங்கில் நிரப்பலாம் என்கிறார்கள், அது சரியா?

ஓய்வுபெற்ற பணிமனைக்காரர்:

குழி விழுந்த பட்டையை மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் எஃகு நொடிக்கு நொடி வளைந்து நிமிரும் பொருள். உப்பு அரித்த ஒவ்வொரு குழியும் ஒரு விரிசல் தொடங்குவதற்கான இடம். பட்டையின் மேற்பரப்புதான் பாரத்தில் இழுவிசையை அதிகம் தாங்குகிறது; அங்கேயே குழி இருந்தால் அது என்றைக்கு முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேய்த்தால் கனமும் குறையும். மற்ற பட்டைகளில் குழி இல்லை, விரிசல் இல்லை என்றால் செட் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. துருவை நீக்கிப் பெயிண்ட் அடித்து மாட்டலாம். ஆனால் பிரித்துத் தரையில் வைத்து இடது வலது இரண்டின் வளைவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் வண்டி சாய்ந்து நிற்கும்.

பட்டையில் எந்த நிலையிலும் வெல்டிங் வைக்கக் கூடாது. பதப்படுத்திய எஃகில் அந்தச் சூடு பட்ட இடம் தன் பதத்தை இழந்து, வெல்டிங்கின் ஓரத்திலேயே முறியும். இருக்கை வேறு விஷயம். அது ஸ்பிரிங் எஃகு அல்ல. குழியின் தேய்மானம் சிறிதாக இருந்தால், தலை ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். ஆடினால், ஹவுசிங்கைக் கழற்றி வைத்து, ஆக்ஸில் சீலும் பேரிங்கும் சூடுபடாதபடி, அனுபவமுள்ள லேத் பட்டறையில் நிரப்பிக் கடைந்து அளவுக்குக் கொண்டுவரலாம். வண்டியில் மாட்டிய நிலையில் அவசரமாக நிரப்புவதை நான் ஏற்க மாட்டேன்.

ரீபவுண்ட் கிளிப்பை விட்டுவிடாதீர்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது கீழ்ப் பட்டைகள் பிரிந்துவிடாமல் மேல் பட்டையுடன் சேர்த்துப் பிடிப்பது அதுதான். அது இல்லாதபோது இறங்கும் அசைவின் சுமை முழுவதும் மெயின் பட்டையின் மேலேயே விழுகிறது, பட்டைகள் பக்கவாட்டிலும் விசிறிபோல் விலகுகின்றன.

வில்லியனூர் பட்டறை:

மாட்டும்போது கவனிக்க வேண்டியவற்றை நான் சொல்கிறேன்.

சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன்பும் மாட்டும் முன்பும் அதன் இரு பக்கமும் பட்டை அடுக்கை சி கிளாம்ப்பால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நட்டு விடுபடும் நொடியில் பட்டைகள் தெறிக்கும். கை விரல் அருகில் இருந்தால் அவ்வளவுதான். புதிய சென்டர் போல்ட்டின் தலை அதே விட்டமாக இருக்க வேண்டும். கடையில் கிடைத்தது என்று சிறிய தலை கொண்டதை வாங்கினால் ஆக்ஸில் மறுபடி நகரும். அடுக்கின் இப்போதைய கனத்துக்கு ஏற்ற நீளத்தில் நான்கு யு போல்ட்டும் புதிதாக, நட்டுடன் சேர்த்து வாங்குங்கள். வலப்பக்கம் இப்போது நன்றாகத் தெரிந்தாலும் அதே கையால், அதே பழைய போல்ட்டால் செய்த வேலை அது. அதையும் விட்டுவைக்கக் கூடாது.

யு போல்ட்டின் நான்கு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் வண்டியின் எடை சக்கரத்தின் மேல் நிற்கும் நிலையில் டார்க் ரெஞ்ச்சால் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு முடிக்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அடித்தட்டு சாய்ந்து உட்காரும். நீளமான குழாயைப் பானாவில் செருகி இழுப்பது அளவாகாது.

கண் புஷ்ஷின் போல்ட்டும் ஷாக்கிள் போல்ட்டும் ரப்பர் புஷ் வண்டியில் இன்னும் முக்கியம். வண்டி ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவற்றை முழுவதும் இறுக்கினால், ரப்பர் தொங்கும் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் அது எப்போதும் முறுக்கிய நிலையில் இருக்கும். புது புஷ் போட்ட கொஞ்ச நாளிலேயே கத்துகிறது, பிய்கிறது என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். கையால் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, வழக்கமான உயரத்தில் நிற்கவைத்து, அதன் பிறகே இறுக்கச் சொல்லுங்கள். அந்த ஷாக்கிளின் தட்டு, பின், புஷ் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். ஏடு ஏடாக உரியும் தட்டில் புது புஷ் போட்டுப் பயனில்லை.

வேலை முடிந்ததும் ஹப்பிலிருந்து ஹப் வரை மறுபடி அளந்து, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்பதையும் பாருங்கள்.

முதுநகர் மீன்வண்டி:

நீங்கள் சொன்ன முறையிலேயே செய்தார்கள். செட் முழுவதும் மாற்றவில்லை. இடப்பக்கம் இரண்டாம் பட்டை, கிளிப், சென்டர் போல்ட், ஷாக்கிள் முழுவதும், இரு பக்கமும் யு போல்ட்டும் மட்டும் மாற்றினோம். சென்டர் போல்ட் தலை குழியில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்ததால் வெல்டிங் வேலைக்குப் போகவில்லை. ஹப் அளவு இரு பக்கமும் சமமாக வந்துவிட்டது. 'டொக்' இல்லை, 'கிறீச்' இல்லை. பாரத்துடன் கிருமாம்பாக்கம் வேகத்தடைகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் ஒதுங்குவதும் நின்றுவிட்டது. அது சாலையின் சரிவால் வருகிறது என்று இவ்வளவு நாள் எங்களிடம் சொல்லி வந்தார்கள்.

வடிகால் ஓட்டையில் ஒரு குழாய்த் துண்டைப் பொருத்தி, தடித்த ரப்பர் ஹோஸ் மாட்டி, பட்டைக்கும் பிரேக் பைப்புக்கும் அப்பால் பின் பம்பருக்குக் கீழே விட்டிருக்கிறோம். துறைமுகத்தில் மீன் வண்டி வைத்திருக்கும் மற்றவர்களும் தங்கள் ஓட்டை எதன்மேல் சொட்டுகிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டுகிறேன். இன்னொரு தவறும் செய்கிறோம்: மீன் இறக்கிய பிறகு லோடு பாடியின் உட்பக்கத்தை மட்டும் கழுவுகிறோம். நல்ல தண்ணீரை அடிப்பக்கம், பட்டைக்கும் ஷாக்கிளுக்கும் அடிப்பதில்லை.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. பழைய சத்தங்கள் நின்றதால் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறது: 50 கி.மீ. வேகத்துக்கு மேல் 'ஙீ...' என்று மெல்லிய ஓசை. வேகம் கூடினால் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. மேடு பள்ளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஓய்வுபெற்ற பணிமனைக்காரர்:

வண்டி வெள்ளத்தில் ஹவுசிங் மூழ்க நின்றது என்று முதலிலேயே சொன்னீர்கள். அதற்குப் பிறகு கிரவுன் ஆயில் மாற்றினார்களா? ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் நின்று குளிரும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் (ஹவுசிங்கின் காற்றுப் போக்கி) வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுக்கும். மட்டம் பார்க்கும் பிளக்கைத் திறந்து ஒரு விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. உடனே வடித்துவிட்டு, கையேட்டில் சொல்லியுள்ள தரத்தில் புதிய ஆயில் நிரப்புங்கள். வடிகால் பிளக்கில் உள்ள காந்தத்தில் நைசான சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். செதிலோ துண்டோ இருந்தால் திறந்து பார்த்தாக வேண்டும்.

ஆயில் சுத்தமாக இருந்தால், பின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் சுழற்றி, பட்டையின் மேல் இன்னொரு கையை வைத்துப் பாருங்கள். ஹப் பேரிங் போயிருந்தால் பட்டையிலேயே அதிர்வு கையில் தெரியும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஓசை மாறினால் கிரவுன், மாறாமல் ஒரே மாதிரி இருந்தால் பேரிங் அல்லது டயர். 12 மி.மீ. விலகி நின்ற ஆக்ஸிலில் இத்தனை மாதம் ஓடிய டயர் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. முதலில் பின் டயர்களை முன்னுக்கு மாற்றிப் போட்டு, ஓசையும் முன்னுக்குப் போகிறதா என்று கேளுங்கள்.

முதுநகர் மீன்வண்டி:

ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன், வெளிறித்தான் இருக்கிறது. பிரீதர் மூடியும் மண்ணால் அடைபட்டிருக்கிறது. ஆயிலை மாற்றிவிட்டு ஓசை எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.

வில்லியனூர் பட்டறை:

பிரீதரைச் சுத்தம் செய்யாமல் ஆயில் மட்டும் மாற்றினால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆக்ஸில் சீல் வழியாக ஆயில் டிரம்முக்குள் கசியும். இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். புது ஆயில் விட்டுச் சிறிது தூரம் ஓட்டிய பிறகு அதுவும் வெளிறினால், உள்ளே தங்கியிருந்த நீர் முழுவதும் வரவில்லை என்று அர்த்தம். மறுபடி ஒருமுறை வடித்து நிரப்ப வேண்டியிருக்கும். யு போல்ட்டை மறுபடி இறுக்க வரும் நாளிலேயே இதையும் பார்த்துவிடலாம்.